எதிரியைப் புகழ்ந்து எழுதிய மூன்றாம் ஓலை

நலம் சூழ்க! கயலாறு வற்றாதிருக்க, கொற்றங்குடி அரியணை அசையாதிருக்க, மன்னர் நெடுங்கொற்றனார் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, ஆனித் திங்கள் வளர்பிறை ஒன்பதாம் நாள், வடகரை நாட்டு அதிகாரியும், நாற்பத்திரண்டு விதிகளை ஒரே இருப்பில் எழுதி முடித்தவனும், அவ்விதிகளிலேயே கால் இடறி விழுந்தவனுமாகிய கண்டன் மழவராயன், தென்கரை நாட்டு அதிகாரியும், பதினெட்டுக் கரும்பாலைகளுக்குக் காவலரும், சொன்ன சொல் மாறாதவரும், நெடிய மேனியரும், குடிகளின் குறை கேட்கச் சலிக்காதவருமாகிய கூத்தன் வாணராயர் அவர்களுக்குப் பணிவுடன் விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் மனையாரும் மக்களும், தங்கள் கொட்டிலில் நிற்கும் அந்த முரட்டுக் குதிரையும் நலமாயிருப்பீர்களாக.

இவ்வளவு படித்ததும் தாங்கள் ஓலையைத் திருப்பி முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். ஐயம் வேண்டா. அது என் முத்திரையே. எழுதியவன் நானே. எனக்குக் காய்ச்சலும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தங்களுக்கு நான் அனுப்பியவை மறுப்பு ஓலைகளும், தங்கள் மறுப்புக்கு மறுப்பு ஓலைகளும் மட்டுமே ஆகையால், 'பணிவுடன்' என்ற சொல்லை எழுத என் எழுத்தாணியே சற்றுத் தயங்கிற்று. காரணம் பின்னே வரும்.

தாங்கள் நன்கு அறிந்த செய்தியையும் விடாமல் எழுதுமாறு எனக்குக் கட்டளை. தெரிந்ததையெல்லாம் தெரியாதது போலப் பெரியவர்கள் இருந்ததால்தான் இவ்வளவு கெடுதலும் என்று கட்டளையிட்டோர் கருதுகின்றனர். ஆகவே தொடங்குகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆற்றுத் திருவிழாவன்று, தாங்களும் நானும் ஒரே அலங்கார ஓடத்தில் மண்டபத் துறைக்கு வந்து சேர்ந்தோம். முதலில் இறங்குகிறவர் மற்றவருக்கு வழிவிடும் ஏவலாளுக்குச் சமம் என்று எவனோ ஒருவன் நம் இருவர் காதிலும் ஓதியிருந்தான். ஆகையால் தாங்கள் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. காலையில் நின்றவர்கள் மாலை வரை நின்றோம். பொங்கல் ஆறியது, மேளக்காரர்கள் அமர்ந்து பின் படுத்துவிட்டார்கள், இறுதியில் ஓடத்தின் கயிறே நம்மைப் பொறுக்கமாட்டாமல் அவிழ்ந்துகொண்டது. இரண்டு காதத் தொலைவுக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் ஓடம் தட்டியபோது, வலைஞர்கள் நம் இருவரையும் ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் கரையில் வைத்தார்கள். அவர்கள் அறிவுடையோர்.

மறுநாளே, மற்றக் கரை ஓடத்தில் வந்த எவரேனும் நம் படித்துறையில் கால் வைத்தால் பன்னிரண்டு நாள் சிறை என்று இருவரும் ஆணையிட்டோம். அதுமுதல் வடகரை ஓடமும் தென்கரை ஓடமும் நடு ஆற்றில் சந்திப்பதும், ஓடக்காரர்கள் இரண்டையும் கையால் சேர்த்துப் பிடித்திருக்க, மக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் வழக்கமாயின. மணப்பெண்கள் தாவினார்கள். நெல்மூட்டைகள் தாவின. ஆடுகள் நம்மிருவர் ஆணையையும் மதியாமல் நீந்திப் போயின. தங்கள் கரை வைத்தியர் ஒருவர் தாவ அஞ்சி, எங்கள் கரையில் படுத்திருந்த நோயாளிக்கு நடு ஆற்றிலிருந்தே, "நாக்கை நீட்டச் சொல்லுங்க! இன்னும் நல்லா நீட்டச் சொல்லுங்க!" என்று கூவி வைத்தியம் பார்த்ததைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். நோயாளி பிழைத்துக்கொண்டார். தொண்டை கட்டியது வைத்தியருக்கே.

நிலைமை இவ்வாறிருக்க, சென்ற தைத் திங்களில் மன்னரின் திருமுக ஓலை வந்தது. பதினாறு அகவை முதல் இருபத்தைந்து அகவை வரையுள்ள ஆணும் பெண்ணும் தாமே நின்று, தாமே வாக்களித்து, ஒவ்வொரு கரையிலும் இளையோர் அவை ஒன்று அமைக்கவேண்டும் என்பதும், பாதை, படித்துறை, ஏரிக்கரை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றில் அவ்வவை தீர்மானம் செய்யலாம் என்பதும் அதன் சாரம். தெருவுக்கு ஒருவராக அறுவர் போட்டியின்றி வந்துவிட்டனர். தலைவர் பதவிக்கு மட்டும் இருவர் நின்றனர். ஒருவன் என் தமக்கை மகன் சேந்தன். மற்றவள் ஓடக்காரர் சாத்தனின் மகள் பரவை. தந்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட நாள்முதல், மூன்று ஆண்டுகளாக எங்கள் கரை ஓடத்தைச் செலுத்துபவள் அவளே.

ஒளிக்காமல் சொல்கிறேன். சேந்தன் தலைவனாவான், அவை என் வீட்டு முற்றத்தில் கூடும், நான் சொல்வதைத் தீர்மானம் என்று எழுதிக்கொண்டு, சுண்டல் தின்று கலையும் என்பதே என் எண்ணம். ஆகவே தேர்தல் விதிகளை நானே எழுதினேன். முதியோர் அவையின் பழைய விதிகளை அப்படியே பெயர்த்து எழுதியதால் வேலை விரைவில் முடிந்தது. அப்படிப் பெயர்த்ததில் பதினேழாம் விதியும் வந்து சேர்ந்தது.

எதிர்ப்புகழ் என்னும் நம் நாட்டு வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். பதவிக்கு நிற்பவர் தம்மைத்தாமே புகழ்தல் இழிவாகையால், அவரை எதிர்த்து நிற்பவரே அவருக்காகப் பேசவேண்டும் என்பதே பதினேழாம் விதி. முதியோர் அவையில் நினைவு தெரிந்த நாளாக எவரும் எவரையும் எதிர்த்து நின்றதில்லை. எல்லாரும் சம்பந்திகள், விருந்திலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஆகையால் அவ்விதி நடைமுறையில் என்ன செய்யும் என்பதை எவரும் கண்டதில்லை. எழுதிய நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

அது செய்ததைக் கேளுங்கள். சேந்தனின் தோழர்கள் தெருத்தெருவாகப் பரவையைப் புகழ வேண்டியதாயிற்று. பரவையின் தோழியர் சேந்தனைப் புகழ வேண்டியதாயிற்று. நன்றாகப் பேசுகிறவன் தன் பக்கத்தையே தோற்கடிப்பான் என்பது இரண்டே நாளில் இளைஞர்களுக்குப் புரிந்துவிட்டது. உடனே இரு தரப்பும் திக்குவாயரைத் தேடி அலையத் தொடங்கின. குயவர் தெருவில் ஒரு பெண், சேந்தனைப் பற்றி, "ரொம்ப நல்ல பையன். தூங்கும்போது யாருக்கும் ஒரு தொந்தரவும் பண்ணமாட்டான்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். மறுநாள் சேந்தனின் தோழன் ஒருவன் அதே இடத்தில், "பரவை கூப்பிட்டா அடுத்த ஊருக்கே கேக்கும், எதுக்குக் கூப்பிட்டாங்கிறதுதான் யாருக்கும் புரியாது" என்று புகழ்ந்தான். இவற்றையெல்லாம் இலக்கணம் திருத்தாமல் கேட்டபடியே எழுதிவைக்கும் ஓலைக்கணக்கன் எனக்கு வாய்த்திருப்பதைப் பொறுத்தருள்க.

தேர்தல் நாளன்று, படித்துறைத் திடலில், வாக்குரிமை பெற்ற முன்னூற்றுப் பதினொரு பேரும் கூடினர். கிளி வரைந்த பானை சேந்தனுக்கு, மீன் வரைந்த பானை பரவைக்கு. ஆளுக்கொரு புன்னைக்கொட்டை, மறைப்புக்குப் பின் சென்று விரும்பிய பானையில் இடவேண்டும். நான் உயர்ந்த இருக்கையில் பட்டுத் தலைப்பாகையுடன் அமர்ந்திருந்தேன். முதலில் பேசும் முறை பரவையுடையது.

அவள் தன் எதிரியைக் குறைத்துப் புகழ்வாள் என்றே அனைவரும் எதிர்பார்த்தோம். அவளோ, சென்ற ஐப்பசியில் மருத்துவச்சி தாவும்போது கால் வழுக்கி ஆற்றில் விழுந்ததையும், ஓடத்தில் இருந்த இருபது பேரும் கூச்சலிட, சேந்தன் மட்டும் புதுப் பட்டுடன் குதித்ததையும் எடுத்துரைத்தாள். "அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரியாதுன்னு அவனுக்கும் தெரியும். இருந்தாலும் குதிச்சான். மருத்துவச்சியை நான் தூக்கினேன், அவனை மருத்துவச்சி தூக்கினாங்க. ஆனா முதல்ல குதிச்சது அவன்தான். பயந்துகிட்டே குதிக்கிறவன் தலைவனா இருந்தா நல்லதுதானே?" என்று முடித்தாள். திடல் சிரித்தது, பின் கைதட்டியது. கிளிப் பானை நிறைந்துவிட்டதாகவே எண்ணி நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அடுத்துச் சேந்தன் எழுந்தான். அவன் கையில் நான் எழுதிக்கொடுத்த நான்கு ஓலைகள் இருந்தன. பரவை உணவு வேளை தவறாதவள் என்றும், அவள் ஓடத்தில் ஏறியவருள் பெரும்பாலோர் மீண்டு வந்துள்ளனர் என்றும் அழகிய நடையில் அவற்றில் எழுதியிருந்தேன். முதல் ஓலையில் பாதி படித்தான். பிறகு நிறுத்தினான். நான்கையும் மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தன் வாயால் பேசத் தொடங்கினான்.

மூன்று ஆண்டுகளாக, நாளொன்றுக்குப் பதினாறு நடை, வெள்ளக் காலத்திலும் இரண்டு ஓடங்களையும் தன் இரு கைகளால் சேர்த்துப் பிடித்து இக்கரை மக்கள் அனைவரையும் தாவ வைத்தவள் பரவை என்றான். சென்ற மார்கழியில், நிறைமாதப் பெண்ணொருத்தி தாவும்போது அலை அடித்து ஓடங்கள் மோதியதையும், பிடியை விட்டால் அவள் விழுவாள் என்பதால் பரவை விடாமல் பிடித்திருந்ததையும், இடக்கைச் சுண்டுவிரல் இரண்டு பலகைகளுக்கும் நடுவே நசுங்கிப் போனதையும் சொன்னான். கையை உயர்த்திக் காட்டுமாறு அவளைக் கேட்டான். அவள் காட்டவில்லை, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்போது அவன் என் பக்கம் திரும்பி, "மாமா, உங்க விரல் பத்தும் இருக்கான்னு ஒரு தரம் எண்ணிப் பாருங்க" என்றான்.

அனைவரும் பார்த்திருக்க, எண்ணினேன். பத்தும் இருந்தன.

வாணராயரே, அத்தனை பெரிய திடலில் அன்று நான் வெட்கப்பட்டேன். அந்தப் பெண்ணின் விரல் போன செய்தி எனக்கு மார்கழியிலேயே வந்திருந்தது. ஓடக்காரர்கள் கவனமாயிருக்க வேண்டும் என்று ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு அன்றைய உணவை உண்டவன் நான்.

பத்தொன்பது கொட்டைகள் கூடுதலாகப் பெற்றுப் பரவை வென்றாள். எல்லாரிலும் உரக்கக் கைதட்டியவன் தோற்ற என் மருமகன். அன்றிரவு நான் உண்ண மறுத்தேன். வீட்டில் எவரும் வற்புறுத்தவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் அவை கூடியது. என் முற்றத்தில் அல்ல, படித்துறையில். சுண்டலை அவர்களே கொண்டுவந்திருந்தனர், எனக்குத் தரவில்லை. முதல் தீர்மானம் இது: எதிர்ப்புகழ் இளையோருக்கு மட்டும் உரியதன்று, வடகரை அதிகாரி தம் எதிரியாகிய தென்கரை அதிகாரியைப் புகழ்ந்து ஓலை எழுதவேண்டும், புகழ்ச்சி உண்மையாயிருக்கவேண்டும், அவை அதைப் படித்துப் பார்த்தே அனுப்பும். இது முறையன்று என்று எழுந்தேன். பரவை மிக்க மரியாதையுடன், என் கையெழுத்திலேயே இருந்த முப்பத்தொன்றாம் விதியைப் படித்துக் காட்டினாள். அவையின் முதல் தீர்மானத்தை நிறைவேற்றாத வரை அதிகாரி தம் இருக்கையில் அமர்தல் கூடாது என்பது அவ்விதி. சேந்தனின் மதிப்பு உயர்வதற்காக நானே சேர்த்தது. வேறு எவர் மேலும் பழிபோட வழியில்லை.

பதினோரு நாட்களாக நான் நின்றுகொண்டே வழக்குக் கேட்கிறேன். என் இருக்கையின்மேல் அவையினர் ஒரு பூசணிக்காயை வைத்திருக்கின்றனர். வழக்காடுவோர் சிலர் அதைப் பார்த்தே பேசுகின்றனர். முன்னைவிடப் பொறுமையாகக் கேட்பதாகவும் சொல்கின்றனர்.

முதல் ஓலையைத் திருப்பிவிட்டனர். தங்கள் உடல் பருமனை மலைக்கு ஒப்பிட்டிருந்தேன், அது புகழ்ச்சியில் வராதாம். இரண்டாம் ஓலையில் தங்களைச் சிங்கம், சூரியன், கற்பகத் தரு என்று எழுதினேன். இவை எந்த அதிகாரிக்கும் பொருந்துமென்றும், வாணராயர் என்ற மனிதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றும் கூறி அதையும் மறுத்தனர். உண்மையாக ஒன்றே ஒன்று எழுதினால் போதும் என்று பரவை சொன்னாள். "ஒண்ணுகூடவா இல்லை?" என்று கேட்டாள். ஒன்று இருந்தது. அதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் தாயார் மறைந்த நாளில், எங்கள் கரைச் சுடுகாட்டில் தீ மூட்டியபோது, நடு ஆற்றில் ஓர் ஓடம் தனியே நின்றது. அதில் தாங்கள் நின்றிருந்தீர்கள். தலைப்பாகை இல்லை, குடை இல்லை, ஏவலர் இல்லை. தங்கள் ஆணையும் என் ஆணையும் தடுத்ததால் தாங்கள் கரைக்கு வரவில்லை, தீ அடங்கும் வரை திரும்பிப் போகவுமில்லை. இளமையில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் தாயார் கையால் தாங்கள் உண்ட கூழ் எனக்கு நினைவு வந்தது. கையை அசைத்திருந்தால் போதும், வந்திருப்பீர்கள். நான் பார்த்தேன். பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று தாங்கள் என்னைவிடப் பெரிய மனிதராயிருந்தீர்கள். இதை எழுத எனக்கு ஏழு ஆண்டும் ஒரு பூசணிக்காயும் தேவைப்பட்டன.

ஆகவே, வடகரை இளையோர் அவையின் தீர்மானப்படியும், என் சொந்த விருப்பப்படியும், இதனால் ஆணையிடுகிறேன்: இன்றுமுதல் தென்கரையார் எவரும் எங்கள் படித்துறையில் தடையின்றிக் கால் வைக்கலாம். பன்னிரண்டு நாள் சிறை என்ற என் ஆணை நீங்கியது. ஓடங்கள் கரையிலிருந்து கரைக்கே செல்லும். தாங்களும் அவ்வாறே ஆணையிட வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்றே எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனிக்க.

இவ்வோலையைக் கொண்டுவருபவள் பரவையே. அவளுடைய ஓடம் நடு ஆற்றில் நில்லாமல் தங்கள் படித்துறைக்கே வரும். தங்கள் ஆணை இன்னும் நீங்காமையால், கால் வைத்ததும் அவள் சிறைக்கு உரியவளாவாள். அவளுக்கு முன்பாகச் சிறைக்கு உரியவன் ஒருவன் இருக்கிறான். அதே ஓடத்தின் முனையில் செருப்பைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருக்கிறேன். ஓலை தங்கள் கைக்கு வருமுன், ஏவலாளுக்குச் சமம் என்று எவன் சொன்னாலும் சொல்லட்டும், இம்முறை முதலில் இறங்குபவன் நானே.

இது என் கையெழுத்து. இது வடகரை இரட்டைக் கயல் முத்திரை. கயலாறு ஓடும் வரை இச்சொல் நிற்பதாக.

கண்டன் மழவராயன் எழுத்து.

அடியில், வடகரை இளையோர் அவையின் ஒப்பம்:

படித்தோம். மூன்று இடங்களில் கீறி நீக்கினோம், எஞ்சியவை உண்மை. குதிரையை முரட்டுக் குதிரை என்றதை நீக்கவில்லை, அதுவும் உண்மையாகையால். எங்கள் அதிகாரி இறங்கிவிட்டார், பார்த்தோம். முழங்கால் வரை நனைந்திருக்கிறார், துவட்டிக்கொள்ளத் துணி ஒன்று கொடுத்தருள்க. தங்கள் கரையிலும் வரும் ஆடியில் இளையோர் தேர்தல் என்று கேள்விப்பட்டோம், பதினேழாம் விதியை மறவாமல் சேர்த்துக்கொள்க. மற்றொன்று. அதிகாரியிடம் ஓர் ஓடம் என்றே சொல்லியிருந்தோம், பின்னால் வந்த ஓடங்களைத் திரும்பிப் பார்த்தபின்தான் அவருக்கே தெரிந்தது. சிறையில் அடைப்பதானாலும் சரி, சோறு ஆக்குவதானாலும் சரி, ஆட்கணக்கு முன்னமே சொல்லிவிடுவது முறை: முன்னூற்றுப் பதினொரு பேர் வந்திருக்கிறோம்.

பரவை, அவைத்தலைவி.